பி.கே.எம். 1 தக்காளியில் காட்டு ரகத்தைக் கலப்பது எப்படி

மூன்று வருஷத்துக்கு முன், பங்குனி மாதம், என் மாடித் தோட்டத்தில் இருந்த 18 தக்காளிச் செடிகளும் பத்தே நாளில் இலை சுருண்டு குறுகிப்போயின. பதினெட்டும் ஒரே ரகம், ஒரே பொட்டலத்து விதை. ஒன்றுக்கு ஆகாதது எதற்குமே ஆகவில்லை. ஓரத்தில் படர்ந்திருந்த ஒற்றைக் காட்டுத் தக்காளி மட்டும் லேசாகச் சுருண்டாலும் காய்ப்பை விடவில்லை. அன்றைக்குத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

தக்காளியின் தாய்மண் பெரு, ஈக்வடார், சிலி. அங்கிருந்து மெக்சிகோ, ஐரோப்பா, கடைசியில் நம் ஊர் என்று தாண்டிய ஒவ்வொரு முறையும் வந்தது கொஞ்சம் விதைதான். பூவும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடும். அதனால் சந்தையில் எத்தனை வடிவம் தெரிந்தாலும் உள்ளே எல்லாம் நெருங்கிய சொந்தம். பலவகைக் குணங்கள் காட்டு இனங்களிடமே தங்கிவிட்டன. இலைச் சுருட்டையைத் தாங்கும் டிஒய்-1 மரபணுகூட சொலானம் சிலென்சே என்ற காட்டு இனத்திலிருந்து எடுத்ததுதான். அந்த இனம் வீட்டில் நம் தக்காளியோடு சேராது. சொலானம் பிம்பினெல்லிஃபோலியம் எளிதாகச் சேரும். கரன்ட் தக்காளி என்ற பெயரில் விதை கிடைக்கும். பழம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்க வேண்டும். கோலிக்குண்டு அளவு வந்தால் ஏற்கெனவே கலந்த விதை. (மணத்தக்காளி வேறு செடி, அது இதற்கு உதவாது.)

தாய்ச்செடிக்கு நான் எடுத்தது பி.கே.எம். 1. எங்கள் தேனிக்குப் பக்கத்து அன்னஞ்சி ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது. வீரிய ஒட்டு ரகம் வேண்டாம், குணம் பிரிந்து குழப்பிவிடும். ஐப்பசியில் நாற்று விட்டால் மார்கழிக் குளிரில் பூ வரும். வெயில் காலத்தில் பூ உதிர்ந்துவிடும்.

சாயங்காலம் மொட்டைப் பாருங்கள். இதழ் பச்சை போய் வெளிர் மஞ்சளாகி, நுனி மட்டும் லேசாகப் பிரிந்திருக்க வேண்டும். முழு மஞ்சளாக விரிந்த பூவில் மகரந்தம் கொட்டியிருக்கும், தொடாதீர்கள். நடுவில் கூம்பாக ஒட்டியிருப்பது மகரந்தப்பைகள். கூர்மையான இடுக்கியால் ஒரு பக்கம் கீறி, சுற்றி மெதுவாகக் கழற்றினால் உள்ளே மெல்லிய பச்சை ஊசிபோல சூல்தண்டு நிற்கும். அது வளைந்தாலே போச்சு. எனக்கு முதல் பத்துப் பூவில் ஏழு ஒடிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்ட பிறகுதான் வசப்பட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல், பனி காய்ந்ததும், காட்டுச் செடியின் விரிந்த பூவைக் கறுப்புத் தட்டின் மேல் பிடித்துச் சுண்டுங்கள். மஞ்சள் மாவாக விழும். அதைச் சூல்தண்டின் நுனியில் தொட்டு வையுங்கள். மறுநாளும் ஒருமுறை. அடையாளத்துக்கு அந்தப் பூவின் புல்லி இதழ் (பூவுக்கு அடியில் இருக்கும் பச்சை இதழ்) இரண்டை நறுக்கிவிடுங்கள். அடையாளத்துக்குக் கட்டும் நூல் அவிழ்ந்தாலும் இது காய் பழுக்கும்வரை காட்டிக்கொடுக்கும்.

ஒரு வாரத்தில் பிஞ்சு தெரியும். பழம் நன்றாகச் சிவந்து தளர்ந்த பிறகு விதையைச் சாற்றோடு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

அந்த விதையில் நாலைந்து செடி போதும். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், பழம் சிறிதாக வரும். பெரிய பழம் வந்தால் கலப்பு நடக்கவில்லை, தாய் தானாகவே காய் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அவற்றின் பழத்து விதையில் வரும் அடுத்த தலைமுறைக்குத்தான் இடம் ஒதுக்க வேண்டும். குறைந்தது 30 செடி வையுங்கள். கொடியாக ஓடுவது, குட்டையாக நிற்பது, புளிப்பு, இனிப்பு என ஒவ்வொன்றும் ஒரு தினுசு. செடிக்குச் செடி எண் எழுதி, விதையைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வையுங்கள். என் 14-ஆம் எண் செடியின் பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதுதான். ரசத்துக்கு எட்டுப் பழம் நசுக்கிப் போட்டால் புளியே வேண்டியதில்லை. இந்த ஐப்பசிக்கு அதன் விதையைத்தான் போடப்போகிறேன்.