கூரை மழையைச் சேர்க்க: தொட்டிக்கு முன் கணக்கு, கணக்குக்கு முன் உரிமை

மழைநீர் சேமிக்க வேண்டும் என்று தோன்றியதும் நான் செய்த முதல் வேலை, 500 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை வாங்கியதுதான். அது தவறு என்று புரிய ஒரே மழை போதும் என்றாகிவிட்டது. பெய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பீப்பாய் நிறைந்துவிட்டது. மீதித் தண்ணீர் முழுக்க வெளியே கொட்டி, சுவரோரமாக ஓடி, பக்கத்து வீட்டுச் சுவரடியில் போய்த் தேங்கியது. மறுநாள் காலையில் அந்த வீட்டு அண்ணன் வந்தார். "என்னம்மா, உங்க தண்ணி எங்க சுவத்த அரிக்குதே" என்றார்.

"உங்க தண்ணி" என்று அவர் சொன்னது எனக்கு உறைத்தது. முந்தின நாள் வரை அது வெறும் மழை. என் கூரையில் விழுந்து, நான் மாட்டிய குழாயில் இறங்கியதும் அது என்னுடையதாகிவிட்டது. அது செய்யும் சேதமும் என் பொறுப்பாகிவிட்டது. அதனால் யார் என்னிடம் ஆலோசனை கேட்டாலும் தொட்டியிலிருந்து தொடங்க மாட்டேன். இந்தத் தண்ணீர் யாருடையது, எவ்வளவு வரும், நிறைந்தால் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு தொட்டியைப் பற்றிப் பேசுவோம்.

யாருடைய தண்ணீர்?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் நடைமுறையில் மூன்று வகைத் தண்ணீரைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: கூரையில் விழுவது, நிலத்தின் மேல் பரவி ஓடுவது, ஓடையாகவோ வாய்க்காலாகவோ கரைக்குள் ஓடுவது. மூன்றாவதில் கை வைக்கப் பல இடங்களில் உரிமை எளிதில் கிடைக்காது. முதலாவதில் பெரும்பாலும் சிக்கல் குறைவு. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வரையறுத்த வாய்க்காலில் ஓடாத தண்ணீரைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமே ஆனது.

ஆனால் வறண்ட பகுதி எல்லாமே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை என்ற முறை இருக்கிறது. பல தலைமுறைக்கு முன் ஆற்றுத் தண்ணீருக்கு உரிமை பெற்ற விவசாயி ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிறார். மேலே இருப்பவர் கூரை மழையைப் பிடித்துவைத்தால் அந்த விவசாயியின் பங்கு குறையும் என்பது வாதம். கொலராடோவில் 2016-இல்தான் சாதாரண வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் மொத்தம் 110 கேலன், அதாவது ஏறக்குறைய 416 லிட்டர் கொள்ளும் இரண்டு பீப்பாய்களுக்குத்தான். அதையும் வீட்டுக்கு வெளியே, தோட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். பக்கத்து மாநிலமான யூட்டாவில் பதிவு செய்துகொண்டால் 2,500 கேலன் வரை வைத்துக்கொள்ளலாம்.

அந்த விவசாயியின் பயம் எனக்குப் புரிகிறது. அதை அலட்சியப்படுத்த மனம் வரவில்லை. ஆனால் அதே கொலராடோவின் டக்ளஸ் கவுண்டியில் 2007-இல் ஒரு ஆய்வு நடந்தது. கட்டடம் இல்லாத நிலத்தில் பெய்யும் மழையில், சராசரி ஆண்டில் சுமார் 3 சதவீதம் மட்டுமே ஓடைக்குப் போய்ச் சேர்கிறது என்றது அது. மற்றதெல்லாம் ஆவியாகிறது, அல்லது செடிகொடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. வறண்ட நிலத்தில் ஒரு வீட்டுக் கூரை கீழே இருப்பவரின் ஆற்றைப் பறித்துவிடாது என்ற தெம்பு எனக்கு அதிலிருந்துதான் வந்தது. ஓடையை மறித்து வரப்புப் போட்டால் கதை வேறு. அதை நான் செய்ய மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

தண்ணீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் அது அரசுகளின் கடமையைப் பற்றியது. உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் வைக்கலாம் என்பதை உள்ளூர் விதிதான் முடிவு செய்யும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் கட்டட அனுமதி தரும் அலுவலகத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். கொள்ளளவுக்கு வரம்பு உண்டா, பதிவு செய்ய வேண்டுமா, வீட்டுக்குள் பயன்படுத்தலாமா, பொதுக் குடிநீர்க் குழாயோடு இணைக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். என்னிடம் ஒருவர் "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து வேறொருவர் வந்து ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டார்.

எவ்வளவு வரும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான். கூரை சரிவாக இருந்தால் சரிவை அளக்காதீர்கள். கூரை தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அதைத்தான் அளக்க வேண்டும். என் தகரக் கூரை 12 மீட்டருக்கு 7 மீட்டர், ஆக 84 சதுர மீட்டர். தெறிப்பது, ஆவியாவது, முதலில் கழித்துவிடுவது எல்லாம் போக 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மி.மீட்டருக்கும் ஏறக்குறைய 67 லிட்டர். 500 லிட்டர் பீப்பாய் ஏழரை மி.மீ. மழையிலேயே நிறைந்துவிடும். முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பீப்பாய் வாங்கியே இருக்க மாட்டேன்.

வானிலை நிலையத்தின் சராசரி 380 மி.மீ. என்றது. நான் சராசரியை நம்பவில்லை. நேரான பக்கம் உள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு மழைக்கும் அளவுகோலால் அளந்து மூன்று வருடம் நோட்டில் எழுதினேன்: 402, 351, 236. வறண்ட இடத்தில் திட்டம் போட வேண்டியது கடைசி எண்ணை வைத்துத்தான். அந்த மோசமான வருடத்திலும் 84 × 236 × 0.8, அதாவது ஏறக்குறைய 15,850 லிட்டர் வந்திருக்கும்.

சரி, அதில் எவ்வளவு செலவழிக்கலாம்? நாங்கள் நான்கு பேர். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர், மொத்தம் 40. வருடத்துக்கு 14,600. மோசமான வருடத்திலும் தாக்குப்பிடிக்கும். குளிக்கவும் துவைக்கவும் இதிலிருந்து எடுக்க ஆரம்பித்தால் தாங்காது. அதற்கு வேறு தண்ணீர்தான். பலர் இங்கே ஆசைப்பட்டு, தோட்டம், கழிப்பறை என்று எல்லாவற்றுக்கும் குழாய் இழுத்துவிட்டு, கோடையின் நடுவில் காலித் தொட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தொட்டியின் அளவு வருட மழையைப் பொறுத்ததில்லை. இரண்டு நல்ல மழைக்கு நடுவே உள்ள மிக நீண்ட வறட்சியைப் பொறுத்தது. என் நோட்டில் அது 210 நாள். 210 × 40 = 8,400 லிட்டர். கொஞ்சம் கையிருப்பும் வேண்டும், அதனால் 10,000 லிட்டர் தொட்டி.

கூரையிலிருந்து தொட்டி வரை

கூரை விளிம்பில் மாட்டும் பீலிக்கு ஒரு எளிய அளவு உண்டு: ஒரு சதுர மீட்டர் கூரைக்குக் குறைந்தது 1 சதுர செ.மீ. குறுக்குப் பரப்பு. என் கூரையில் ஒரு பக்கம் 42 சதுர மீட்டர், 12 செ.மீ. அகல அரைவட்டப் பீலி அதற்குப் போதும். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுங்கள். ஈயம் கலந்த பெயின்ட் அடித்த கூரையாகவோ, ஈயத் தகடு வைத்து ஒட்டிய கூரையாகவோ இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது.

அடுத்தது முதல் தண்ணீர். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன், எனக்கு வேலை செய்தவர் கோட்டைவிட்டதும் இதில்தான். மாதக்கணக்கில் காய்ந்த கூரையில் புழுதி, பறவை எச்சம், செத்த பூச்சி எல்லாம் கிடக்கும். முதல் மழை கூரையைக் கழுவும் மழை. சதுர மீட்டருக்கு அரை லிட்டராவது ஒதுக்கிவிட வேண்டும்; எனக்கு 42 லிட்டர். 15 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 17.5 லிட்டர் பிடிக்கும். ஆகவே இரண்டரை மீட்டர் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே T வடிவ இணைப்பு வைத்தால், முதலில் வருவது இந்தக் குழாயை நிரப்பும். அது நிறைந்த பிறகுதான் தண்ணீர் தொட்டிப் பக்கம் திரும்பும். குழாய்க்குள் மிதக்கும் பந்து ஒன்று வாயை அடைத்துக்கொண்டால், அழுக்கு மறுபடி கலக்காது.

எனக்கு முதலில் வேலை செய்தவர் குழாயை அழகாக நிறுத்திவிட்டு அடி மூடியைப் பசை வைத்து ஒட்டிவிட்டார். வடிய வழியே இல்லை. முதல் மழையில் நிறைந்த அழுக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போனது. அந்த வருடம் ஐயாயிரம் லிட்டருக்கு மேல் திறந்துவிட வேண்டியதாயிற்று, அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. அடியில் திருகு மூடிதான் வேண்டும். அதில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், சில மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூடியைக் கழற்றித் துளையைக் குத்திவிடுங்கள். ஒரு இலைத் துணுக்கே அடைத்துவிடும்.

10,000 லிட்டர் என்றால் பத்து டன். தளம் ஒரு பக்கம் இறங்கினால் தொட்டி வெடிக்கும், அதனால் இறுக்கிய மண்ணின் மேல் காங்கிரீட் தளம் போடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி பிடிக்கும். காற்றுக் குழாய், வழியும் குழாய் உள்ளிட்ட எல்லாத் திறப்புக்கும் 1 மி.மீட்டருக்கு மேல் கண் இல்லாத கொசுவலை கட்டுங்கள். உள்ளே வரும் குழாயை அடிவரை இறக்கி, முனையில் எல்போ என்ற வளைவு இணைப்பு வைத்து வாயை மேல்நோக்கித் திருப்பிவிட்டால், விழும் வேகத்தில் அடியில் படிந்த வண்டல் கலங்காது. எடுக்கும் குழாய் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்கட்டும்.

நிறைந்தால் எங்கே?

வழியும் குழாய் உள்ளே வரும் குழாயை விடச் சிறியதாக இருக்கவே கூடாது. ஒரே நாளில் 60 மி.மீ. பெய்தால் என் கூரையிலிருந்து நாலாயிரம் லிட்டர் வரும்; தொட்டி நிறைந்திருந்தால் அத்தனையும் வெளியே போயாக வேண்டும். கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் தொகுத்த ரோமானியச் சட்டத்திலேயே, ஒருவர் தன் நிலத்தில் செய்த வேலையால் மழைநீரின் போக்கு மாறிப் பக்கத்து நிலத்துக்குக் கேடு வந்தால் வழக்குப் போடலாம் என்ற விதி இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் வழக்கெல்லாம் போடவில்லை. ஆனால் அவர் கேட்டது அதே நியாயம்தான். இப்போது வழியும் தண்ணீரை எல்லா அஸ்திவாரத்திலிருந்தும் மூன்று மீட்டருக்கு அப்பால், கூழாங்கல் நிரப்பிய ஒரு குழிக்குக் கொண்டுபோகிறேன். குழி எந்த இடத்தில் என்பதை அவரையும் நிற்கவைத்துத்தான் முடிவு செய்தோம்.

குடிப்பதும் அளப்பதும்

தெளிவாக இருக்கிறது என்பதற்காக அப்படியே குடிக்காதீர்கள். துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவையுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமாக இருந்தால் மூன்று நிமிடம். கொதிக்கவைக்க வழியில்லை என்றால், வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத ப்ளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள்.

அப்புறம் ஒரு குச்சி. என் தொட்டியின் உள்விட்டம் 2.3 மீட்டர், அதனால் 1 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 41.5 லிட்டர். அதாவது எங்களுக்கு ஒரு நாள், ஒரு செ.மீ. வாரத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, சுத்தமான குச்சியை இறக்கிப் பார்த்து எழுதுகிறேன். ஏழு செ.மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால், எங்கேயோ ஒழுகுகிறது அல்லது வீட்டில் யாரோ வேறு வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். உங்கள் தொட்டிக்கு இந்தக் கணக்கு வேறாக வரும்: ஆரத்தின் வர்க்கத்தை 3.14-ஆல் பெருக்கி வரும் சதுர மீட்டரைப் பத்தால் பெருக்கினால், ஒரு செ.மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிடும்.

தண்ணீர் 30 செ.மீ. அளவுக்கு இறங்கும்போது மழை மாதம் நெருங்கியிருக்கும். மீதியை மூடியுள்ள பாத்திரங்களில் எடுத்துவைத்துவிட்டு, தொட்டியைக் கழுவ அதுதான் நேரம். மூடியைத் திறந்து வெகு நேரம் காற்றாட விடுங்கள். வெளியே ஒருவரை நிறுத்தாமல் உள்ளே இறங்காதீர்கள். உள்ளே இருக்கும்போது ப்ளீச் பயன்படுத்தாதீர்கள். பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். பீலியைத் துடைத்து, அடி மூடியின் துளையைக் குத்தி, கிழிந்த கொசுவலையை மாற்றி வைத்துவிடுங்கள்.