கச்சோலம் திசு வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஞ்சிக் குடும்பத்துக் கிழங்குச் செடியான கச்சோலத்தின் முளையைக் குடுவையில் வளர்த்துக் கன்றுகளாகப் பெருக்கும்போது பூஞ்சையோ பாக்டீரியாவோ கிளம்பினால், முதல் பழி லேமினார் பெட்டிக்குத்தான் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப்பெட்டி). கோளாறு பெரும்பாலும் கிழங்கில் இருக்கும். பல மாதம் மண்ணுக்குள் கிடந்த கிழங்கின் செதிலுக்கு அடியில் மட்டுமல்ல, திசுவுக்குள்ளேயும் பாக்டீரியா குடியிருக்கும். மேலே ஊற்றும் மருந்து அங்கே எட்டாது. வயலில் தோண்டியதை அன்றே நறுக்கி ஊடகத்தில் (குடுவையிலுள்ள சத்துக் கூழில்) வைக்காதீர்கள். மண் போகக் கழுவி, கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் நுண்ணுயிர் நீக்கிய) ஈர மணலில் முளைக்க விடுங்கள். ஒரு செ.மீ. அளவுக்கு வந்த புது முளையை மட்டும் எடுங்கள். அறுவடை முடிந்த கையோடு முயன்றால் கிழங்கு உறக்கத்தில் இருக்கும்; கோடை மழையை ஒட்டி அதுவாகவே கண் விடும்.

முளையை ட்வீன்-20 என்ற சோப்பு போன்ற திரவம் சில சொட்டு கலந்த நீரில் கழுவி, 70% ஆல்கஹாலில் 30 விநாடி, பிறகு 0.1% மெர்குரிக் குளோரைடில் (பாதரச உப்புக் கரைசலில்) 5 முதல் 8 நிமிடம் வையுங்கள். 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்' என்று விட்டால் மாசோடு முளையும் கருகும். நுண்ணுயிர் நீக்கிய நீரில் நான்கு முறை அலசி, மருந்து பட்ட வெட்டுமுனையைச் சீவிவிடுங்கள். பாதரசக் கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது. தனிக் கலனில் சேர்த்து முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

ஊடகம் வழக்கமான எம்.எஸ். (முராஷிகே–ஸ்கூக் சத்துக் கலவை) தான்: லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், உறைய வைக்கும் அகார் 8 கிராம். பி.எச். (அமில-கார அளவு) 5.8-ஐ அகார் சேர்ப்பதற்கு முன்பே சரிசெய்யுங்கள். 5-க்குக் கீழே இறங்கினால் ஊடகம் சரியாக உறையாது. வளர்ச்சி ஊக்கிகளில், தளிரைப் பெருக்கும் பி.ஏ.பி. லிட்டருக்கு 2 மி.கி., வேரைத் தூண்டும் என்.ஏ.ஏ. 0.5 மி.கி. என்று தொடங்கலாம். பி.ஏ.பி. தூளை நேரடியாகத் தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் தங்கும், கணக்கிட்ட அளவு ஊடகத்துக்கு வந்து சேராது. முதலில் சில சொட்டு 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துக்கொள்ளுங்கள். தளிர் போதவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால் குட்டையான, கண்ணாடி போன்ற தளிர்கள்தான் மிஞ்சும். 2,4-டி என்ற வளர்ச்சி ஊக்கி கொடுத்துக் கேலஸ் (உருவமற்ற திசுக் கட்டி) வழியாகப் பெருக்கினால் எண்ணிக்கை ஏறும், தாய்ச்செடியின் குணம் மாறும் வாய்ப்பும் ஏறும். நடவுக் கன்றுக்கு அது வேண்டாம்.

வேர்விட வைக்கத் தனி ஊடகம் தயாரிப்பது பலர் செய்யும் வீண் செலவு. இஞ்சிக் குடும்பத்தில் தளிர் பெருகும் ஊடகத்திலேயே வேரும் இறங்கிவிடும்.

அதிக இழப்பு குடுவைக்கு வெளியே, கன்றை எடுத்து மண் நிரப்பிய பையில் நடும்போதுதான். வேரில் ஒட்டிய அகாரில் சர்க்கரை இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். முதல் இரண்டு வாரம் காற்றில் ஈரப்பதம் 80–90% இருக்கட்டும், மண்ணில் தண்ணீர் தேங்க வேண்டாம். கச்சோல இலை தரையோடு படிந்து வளர்வது. குருத்து மூடும்படி ஆழமாக நட்டால் அழுகும்.

குடுவையிலிருந்து எடுக்கும் மாதமும் முக்கியம். மழைக்காலத் தொடக்கத்தில் எடுத்தால் கிழங்கு வைக்க அவகாசம் கிடைக்கும். முதல் பருவத்தில் கிழங்கு சிறிதாகத்தான் இருக்கும், அதை நாற்றங்காலில் இன்னொரு பருவம் பெருக்கிய பிறகே வயலுக்குக் கொண்டுபோங்கள். வறண்ட பருவத்தில் இலை முழுக்கக் காய்ந்ததும் செடி செத்தது என்று பையோடு கொட்டிவிடுகிறார்கள். கொட்டும் முன் மண்ணைக் கிளறிப் பாருங்கள். உள்ளே கிழங்கு கெட்டியாக இருந்தால் பையை நிழலில் வைத்து, தண்ணீரைக் குறைத்து, அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.