பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜில்லோ என்ற வீடு விற்கும் இணையதளத்தில் ஒரு வீட்டைத் திறந்தால் சமையலறைப் படத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நேராகக் கீழே இறங்கி, பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளம் அந்தப் பகுதிப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை கொடுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்பது என்றால் வீடு தேறிவிட்டது. ஐந்து என்றால் அடுத்த வீடு. நானும் அப்படித் தேடியவன்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அட்டவணைகளைப் படிக்கப் பழகிய பிறகே, அதுவரை தெருக்காரர்களின் சம்பளத்தைப் பள்ளியின் தரம் என்று எண்ணிக்கொண்டிருந்தது உறைத்தது.

நான் இங்கே பேசுவது மிடில் ஸ்கூல் எண்களைப் பற்றி. நம்மூர் நடுநிலைப் பள்ளியில் 1 முதல் 8 வரை உண்டு. அமெரிக்காவில் மிடில் ஸ்கூல் என்றால் பெரும்பாலும் 6, 7, 8 மட்டும். 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு நடத்த வேண்டும். முடிவுகளை இனம், வருமானம், மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்கும் நிலை என்று பிரித்தும் வெளியிட வேண்டும். ஆகவே மிடில் ஸ்கூலின் எல்லா வகுப்புக்கும் எண்கள் கிடைக்கும். பஞ்சம் வாசிப்பதில்தான்.

முதல் தவறு, மொத்தச் சராசரியோடு நின்றுவிடுவது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு பள்ளிகள், ஒவ்வொன்றிலும் 100 பிள்ளைகள். முதல் பள்ளியில் 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள்; அவர்களில் 64 பேர் தேர்ச்சி, அதாவது 80 சதவீதம். மீதி 20 பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 8 பேர் தேர்ச்சி, 40 சதவீதம். பள்ளியின் மொத்தம் 72. இரண்டாவது பள்ளியில் வசதியானவர்கள் 30 பேர்தான். 27 பேர் தேர்ச்சி, 90 சதவீதம். ஏழைகள் 70 பேர். 35 பேர் தேர்ச்சி, 50 சதவீதம். மொத்தம் 62. வசதியான பிள்ளையானாலும் ஏழைப் பிள்ளையானாலும் இரண்டாவது பள்ளியில்தான் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் பட்டியலில் முதல் பள்ளி பத்துப் புள்ளி முந்தி நிற்கிறது, வீட்டு விலையும் அங்கேதான் ஏறுகிறது. இதைத் தாளில் எழுதிக் காட்டினால் ஐடியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவர்கள்கூட ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறார்கள்.

அடுத்தது, உயரத்தைப் பார்த்துவிட்டு வளர்ச்சியைப் பார்க்காமல் விடுவது. தேர்வு நடப்பது வசந்த காலத்தில். 6ஆம் வகுப்புப் பிள்ளை அந்தப் பள்ளிக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருக்கும். அதன் மதிப்பெண்ணில் பெரும்பங்கு தொடக்கப் பள்ளியும் வீடும் போட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதுமான தேர்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார். சராசரி மதிப்பெண் வீட்டு வசதியோடு இறுக்கமாக ஒட்டிப் போகிறது. ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் முன்னேறும் வேகத்துக்கும் வசதிக்கும் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. சிகாகோவைப் பற்றி 2017இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 3ஆம் வகுப்புக்கும் 8ஆம் வகுப்புக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அந்நகரப் பிள்ளைகள் ஆறு ஆண்டுப் படிப்புக்கு ஈடான வளர்ச்சி காட்டியிருந்தார்கள். சராசரியை மட்டும் பார்க்கிறவர் சிகாகோ அரசுப் பள்ளி என்றதுமே ஓடிவிடுவார். கிரேட்ஸ்கூல்ஸிலும் அந்த ஒற்றை எண்ணைத் திறந்தால் உள்ளே தேர்வு மதிப்பெண், வளர்ச்சி, சமத்துவம் என்று தனித்தனியாக இருக்கும். திறக்கிறவர்கள் குறைவு.

வறுமையை அளக்க எல்லாரும் எடுக்கும் எண், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியானோர் சதவீதம். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. ஆனால் ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போட ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர, மற்ற அரசு உதவித் திட்டங்கள் வழியே தானாகத் தகுதி பெறும் பிள்ளைகள் குறிப்பிட்ட சதவீதம் இருக்க வேண்டும்; 2023இல் அந்த வரம்பை 40 சதவீதத்திலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். அதில் சேர்ந்த பள்ளி சில அட்டவணைகளில் ‘100 சதவீதம்’ என்று நிற்கும். போன வருடம் 60 இருந்தது, இந்த வருடம் 100, பகுதி சரிந்துவிட்டது என்று ஒருவர் என்னிடம் பதறினார். சரிந்தது ஒன்றுமில்லை, படிவம் நின்றுவிட்டது.

இன வாரி அட்டவணையில் ‘ஏசியன்’ (ஆசியர்) என்ற கட்டமும் ஏமாற்றும். மென்பொருள்காரர் வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும், லாவோஸிலிருந்து அகதியாக வந்த மோங் இனக் குடும்பத்துப் பிள்ளையும் அதே கட்டத்துக்குள். மினசோட்டாவின் செயின்ட் பால், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ போன்ற, மோங் மக்கள் அதிகமுள்ள ஊர்களில் அந்தக் கட்டத்தின் சராசரி நம் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆங்கிலம் கற்போர் பிரிவின் மதிப்பெண் எப்போதும் தாழ்ந்தே இருக்கிறதே, சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லையா என்று கேட்பார்கள். ஆங்கிலம் வந்துவிட்ட பிள்ளை அந்தப் பிரிவை விட்டு வெளியேறிவிடுகிறது. புதிதாக வந்தவர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். தேறியவர்களைக் கழித்துவிட்டு மீதியை எண்ணினால் வேறு எப்படி இருக்கும்? நம்மவர்கள் சேர்க்கைப் படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் தமிழ் என்று எழுதப் பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடுவதும் இங்கே சேர்த்தி. தமிழ் என்று எழுதினால் ஒரு சிறு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். மறைத்தால், உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகும்.

‘தேர்ச்சி’ என்ற சொல்லும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸின் ஸ்டார் தேர்வில் நான்கு படிகள். ‘அப்ரோச்சஸ்’ (வகுப்புத் தரத்தை நெருங்குகிறது) படியிலிருந்து எண்ணினால் ஒரு சதவீதம், அதற்கு மேலுள்ள ‘மீட்ஸ்’ (தரத்தை எட்டிவிட்டது) படியிலிருந்து எண்ணினால் அதைவிடக் குறைந்த இன்னொன்று. வீட்டுத் தரகர் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் தேர்வே வேறு. இரண்டையும் ஒப்பிடுவது வீண் வேலை. சின்ன எண்களும் அப்படித்தான். ஒரு பிரிவில் 20 பேர் என்றால் ஒரு பிள்ளை காய்ச்சலில் சொதப்பியதே 5 சதவீதம். ஆசிரியர்-மாணவர் விகிதத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் சேர்ந்திருப்பார்கள்; 15க்கு 1 என்று போட்டிருக்கும் பள்ளியில் கணித வகுப்பில் 28 பேர் இருக்கலாம்.

வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன் பள்ளிக்கு ஒரு நடை போய், பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சலரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: 8ஆம் வகுப்பிலேயே, வழக்கமாக உயர்நிலைப் பள்ளியில் வரும் அல்ஜீப்ரா 1 எடுப்பவர்கள் எத்தனை பேர், அதில் மதிய உணவுச் சலுகை பெறும் பிள்ளைகள் எத்தனை பேர்? நான் போன ஒரு பள்ளியில், பத்துக்கு ஆறு வாங்கிய பள்ளி அது, கவுன்சலர் பதிலைத் தாளில் எழுதியே கொடுத்தார். ஒன்பது வாங்கிய இன்னொரு பள்ளியில், இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.