புள்ளைங்க வளக்கற டென்ஷனுக்கு நடுவுல கொஞ்சம் சந்தோஷமா இருக்கறது எப்படி

சந்தோஷமா இருங்க, இருக்கறதுக்கு நன்றி சொல்லுங்கன்னு அட்வைஸ் பண்றவங்க யாரும் காலைல ஏழே முக்காலுக்கு நம்ம வீட்டுப்பக்கம் வந்து பாக்கறதில்ல. பெரியவன் ஒத்த சாக்ஸ காணோம்ங்கறான், சின்னது இட்லிய வாயில வச்சிக்கிட்டு முழுங்காம உக்காந்திருக்கு, முக்குல ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்குது, ஓசூர்ல நைட் ஷிப்ட் முடிச்ச வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ல இன்னும் வந்து சேரல. அந்த நேரத்துல யாராச்சும் நன்றின்னு ஆரம்பிச்சா கரண்டிதான் பறக்கும். அதனால கோவமே வராம இருக்க இங்க வழி எதுவும் இல்லங்க, அது வரத்தான் செய்யும், வந்த கோவத்த சாயந்தரம் வரைக்கும் தூக்கிக்கிட்டு திரியாம இருக்கத்தான் இதெல்லாம்.

மொதல்ல மூச்சு. கத்தணும்னு தோணுறப்ப நாலு எண்ணற வரைக்கும் இழுத்து ஆறு எண்ணற வரைக்கும் மெதுவா விடுங்க, அஞ்சாறு தடவ போதும். மூச்ச வெளிய விடும்போது நெஞ்சுத்துடிப்பு தன்னால கொஞ்சம் கொறையும், அதனாலதான் விடறத நீட்டச் சொல்றாங்க. இதுக்குன்னு பாய் போட்டு உக்கார வேணாம், சிங்க் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டே பண்ணலாம்.

அடுத்து, நல்லத கவனிக்கறது. இதுக்குத் தனியா நேரம் ஒதுக்கறேன்னு கெளம்புனா ரெண்டே நாள்ல நின்னுடும், ஏன்னா அந்த நேரம் நமக்குக் கெடைக்காது. தெனமும் எப்படியும் செய்யற ஒரு வேலையோட கோத்து விட்டுடுங்க, பால் பொங்கறதுக்கு நிக்கற நேரமோ கொடம் நெறையற நேரமோ. அப்ப ஒரே ஒரு விஷயம் நெனச்சா போதும், ஆனா பொடிசா இருக்கணும். "எனக்கு நல்ல புள்ளைங்க"ன்னு பொத்தாம்பொதுவா நெனச்சா மனசுல எதுவும் ஓடாது, "இன்னிக்கு யாரும் சொல்லாமலே தங்கச்சி ஷூவ எடுத்து மாட்டி விட்டான்"னு நெனச்சுப் பாருங்க, அந்தக் காட்சியே கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.

இப்படி கவனிக்காம விட்டுடற நல்லது நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கு பாருங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, அந்தத் தண்ணிய குடிச்சு வளந்தவங்க நெறைய பேருக்குப் பல்லு காவி புடிச்ச மாதிரி இருக்கும், சில பேருக்கு மூட்டு எலும்பு வரைக்கும் பாதிச்சிருக்கு. அந்தத் தண்ணிக்குப் பதிலா காவிரித் தண்ணி குடுக்கத்தான் 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்துச்சு. கொழாய்ல தண்ணி வரலன்னா திட்டறோம், திட்டவும் வேண்டியதுதான், அதுக்காக வர்ற அன்னிக்குக் கண்டுக்காம விட்டுடறோமே. சாயந்தரம் புள்ள சிரிக்கும்போது அந்தப் பல்ல ஒரு தடவ நல்லா பாருங்க, பக்கத்துலயே தாத்தா சிரிச்சா அதையும் பாருங்க, ஒரு கொடம் தண்ணி என்ன பண்ணும்னு அங்கயே தெரிஞ்சிடும்.

எழுதற பழக்கம் இருந்தா இன்னும் நல்லது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோனு ரெண்டு பேர் 2003ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, வாரா வாரம் நன்றியா நெனைக்கற விஷயங்கள அஞ்சு வரைக்கும் எழுதுனவங்க, எரிச்சலானத எழுதுனவங்கள விட வாழ்க்கையப் பத்தி தெம்பா சொன்னாங்களாம். கவனிங்க, வாரத்துக்கு ஒரு தடவதான். தெனமும் எழுதியே ஆகணும்னு வச்சா அதுவும் இன்னொரு ஹோம்வொர்க் ஆயிடும், நமக்கு ஏற்கனவே ரெண்டு புள்ளைங்களோட ஹோம்வொர்க் இருக்கு. டைரி எல்லாம் வாங்காதீங்க, கிழிச்ச காலண்டர் தாள் பின்பக்கம் போதும்.

நெனச்சத வாய்விட்டு சொல்லிடுங்க. வீட்ல ஒருத்தருக்கொருத்தர் தேங்க்ஸ் சொல்ல கூச்சமா இருக்கும், அது வேணாம், நடந்தத சொன்னாலே போதும். "அத்தை, நீங்க சின்னவள பாத்துக்கிட்டதாலதான் மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தேன்"னு சொல்லிப் பாருங்க, அவங்க மூஞ்சி மாறும், அடுத்த தடவ புள்ளைய நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே தூக்கிக்குவாங்க.

புள்ளைங்களுக்கு இத சொல்லிக் குடுக்கணும்னா ஒண்ணு மட்டும் வேணாங்க, "நாங்கல்லாம் களி தின்னுட்டு செருப்பு இல்லாம நடந்து ஸ்கூல் போனோம்" கதை. அதுல நன்றி வராது, குத்த உணர்ச்சிதான் வரும், இல்லன்னா காத மூடிக்கும். அதுக்குப் பதிலா சாப்படற நேரத்த நல்லா அனுபவிக்க விடுங்க. இப்ப மாங்கா சீசன்னு வைங்க, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்கு வீடு பெங்களூரா ரக மாம்பழம் கெடக்கும், சட்டைய கழட்டி விட்டு திண்ணைல உக்கார வச்சு கையில ஒரு பழத்த குடுங்க, முழங்கை வரைக்கும் சாறு ஒழுகட்டும், அப்பறம் கழுவிக்கலாம். நீங்களும் செல்போன உள்ள வச்சிட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு உக்காருங்க, நின்னுக்கிட்டு கொட்டைய மட்டும் சப்பற வேல வேணாம். ராத்திரி படுக்கும்போது இன்னிக்கு எது நல்லா இருந்துச்சு, எது கடுப்பா இருந்துச்சுன்னு ரெண்டையும் கேளுங்க, நல்லத மட்டும் கேட்டா பொய்யா ஒண்ணு சொல்லிட்டு தூங்கிடும்ங்க.

இன்னொன்னு, அடி ஒதை, கடன் தொல்ல, ஒத்தாசைக்கு யாருமே இல்லாத நெலம, இதெல்லாம் நன்றி சொல்லி சமாளிக்கற விஷயம் இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் மனசு ஒட்டல, தூக்கம் இல்ல, பிரசவத்துக்கப்பறம் அழுக நிக்கவே மாட்டேங்குதுன்னா காலண்டர் தாள ஓரமா வச்சிட்டு 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட டெலி மனஸ்ங்கற மனநல உதவி நம்பர், காசு கெடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா பண்ணலாம், தமிழ்லயே பேசலாம். போன்ல பேச வரலன்னா பக்கத்து பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர்கிட்ட நேர்ல சொல்லுங்க, கூட ஒரு ஆள கூட்டிட்டு போங்க.