பழைய படைவாகனக் கண்காட்சியொன்றை வன்னியில் இடம் மாற்றுவது எப்படி

பழைய படை ஜீப்புகளும் லொறிகளும் பங்குகொள்ளும் பெரிய வருடாந்தக் கண்காட்சியொன்றை ஒரு திடலிலிருந்து இன்னொரு திடலுக்கு மாற்ற நினைப்பவர்கள், பெரும்பாலும் பரப்பளவையும் வாடகையையுமே முதலில் விசாரிக்கிறார்கள். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியைப் பொறுத்தவரை, 2009 வரை நீடித்த போரில் அந்த நிலத்தில் என்ன நடந்தது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே கிராம அலுவலரையும் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் மாதர் சங்கத்தையும் நேரில் சந்தியுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அவ்வூரில் இருந்தால் அவர்களிடமும் சென்று பேசுங்கள். பச்சை வண்ணம் பூசிய ஒரு வாகனம் அவர்களுக்குக் காட்சிப் பொருளாகத் தெரியாது. அவர்கள் வேண்டாம் என்றால் வேறு திடல் பாருங்கள். சம்மதம் கிடைத்த இடத்திலும் போலித் துப்பாக்கி, படையுடை, வெடிச்சத்தம் ஆகியவற்றை விதிமுறையிலேயே தடைசெய்து, உழவு இயந்திரங்களையும் லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரங்களையும் ஜீப்புகளுக்குச் சமமாக முன்வரிசையில் நிறுத்துவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கண்ணிவெடி. வடக்கில் அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதால், திடலுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் அவற்றுக்கு வரும் குறுக்குப் பாதைகளுக்கும் தனித்தனியே மாவட்டச் செயலகத்தின் ஊடாக எழுத்துமூல உறுதி பெறுங்கள். நிலம் எவ்வளவு ஆழம் வரை சோதிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். கூடார முளைகள் அதைவிட ஆழமாக இறங்கக்கூடும்.

மண்ணைப் பார்க்கும்போது கண்ணை மட்டும் நம்பக்கூடாது. அறுவடை முடிந்த வயல் பங்குனியில் கல்லாக இறுகியிருக்கும், ஆனால் ஒரு மழை விழுந்தால் களிமண் சக்கரத்தை விழுங்கிவிடும். ஒருமுறை எங்கள் லொறியொன்றை வெளியே எடுக்க இரண்டு உழவு இயந்திரங்கள் தேவைப்பட்டன. வில்லிஸ் ஜீப் ஒரு தொன் அளவு எடையுடையது, ஆனால் சலாடின் போன்ற கவசவாகனம் பதினொரு தொன் வரும். ஆகவே மேட்டுச் செம்மண் நிலத்தைத் தெரிவுசெய்து, கனவாகனங்கள் செல்லும் வழிக்கு மட்டும் கிறவல் பரப்பி உருளை ஓட்டுங்கள். குளக்கட்டின் மேலும் சிறு மதகுகளின் மேலும் எந்தக் கனவாகனத்தையும் ஏற்றக் கூடாது.

மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீளக்கூடும் என்பதால், வைகாசி தொடங்கிப் புரட்டாதிக்கு முன்னுள்ள காலமே பொருத்தமானது. எனினும் போரில் இறந்தோரை நினைவுகூரும் மே 18 வருகின்ற கிழமையையும், வற்றாப்பளை அம்மன் பொங்கலையும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவையும் தவிர்த்தே நாள் குறியுங்கள். இந்த மாதங்களில் சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். தண்ணீர் பவுசர் இரண்டை ஒழுங்குசெய்யுங்கள். ஒன்று புழுதியை அடக்குவதற்கு, மற்றது காய்ந்த புல்லில் சூடான புகைக்குழாய் பட்டுத் தீப்பிடித்தால் அணைப்பதற்கு.

இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில் நடந்த பெரும் படைவாகனக் கண்காட்சி 2013இல் ஹொப் பண்ணையிலிருந்து ஃபோக்ஸ்டோன் குதிரைப்பந்தயத் திடலுக்கு மாறியது. அந்தத் திடலை ஒட்டியே வெஸ்டன்ஹாங்கர் ரயில் நிலையம் இருந்தது. நாமும் ஏ9 வீதியையும் ரயில் பாதையையும் சேர்த்தே எண்ண வேண்டும். கிளிநொச்சி, மாங்குளம், ஓமந்தை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள திடலுக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் குடும்பங்கள் வந்துசேர முடியும். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியால் வாகனம் ஏற்றிவரும் லொறிகளைப் பகலிலேயே வரச் சொல்லுங்கள், பொழுதுபட்டால் யானைகள் வீதிக்கு வரும்.

உரிமையாளர்களுக்குப் புதிய இடத்தின் வரைபடத்தையும் நுழைவு நேரத்தையும் இரண்டு மாதம் முன்பே அனுப்பி, காப்புறுதியில் இடத்தின் பெயர் திருத்தப்பட்டதா எனச் சரிபாருங்கள். பொலிசாருக்கும் வைத்தியசாலைக்கும் அறிவித்து, 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) ஆகிய எண்களை ஒவ்வொரு நுழைவாயிலிலும் பெரிதாக எழுதிவையுங்கள்.

முதல் நாள் காலை பழைய திடலின் வாசலில் இரண்டு பேரை நிறுத்துங்கள். எத்தனை அறிவித்தல் கொடுத்தாலும் சிலர் அங்கேதான் போவார்கள். கண்காட்சி முடிந்த கிழமையிலேயே சக்கரத்தடங்களை மூடி, சிந்திய எண்ணெய் பட்ட மண்ணைத் தோண்டி அகற்றி, நிலத்துக்குரியவர் நடந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே திடலைக் கையளியுங்கள்.