மூன்று லட்சத்துக்கு ஒரு கிட்டார் வாங்கலாமா?

முதலில் உங்கள் பழைய கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விலை உயர்ந்த கிட்டார் வாங்கலாமா என்று கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதைச் செய்யாமல் கடைக்குப் போய் நானே ஒருமுறை ஏமாறப் பார்த்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், சென்னையில் ஒரு ஷோரூம். சுவரில் தொங்கிய, அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 ஒன்றை எடுத்து மடியில் வைத்து ஒரு ஜி கார்டு இழுத்தேன், நெஞ்சு எலும்பு வரைக்கும் அதிர்ந்தது. வீட்டில் இருக்கும் யமஹா அந்த நேரத்தில் தகர டப்பா மாதிரித்தான் ஞாபகத்துக்கு வந்தது. மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தவன், ஏதோ தோன்றி யமஹாவின் கம்பிகளைத் தடவிப் பார்த்தேன். மாட்டி எட்டு மாதம். கறுத்துப் போயிருந்தன, அடிப்பக்கம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பட்ட இடத்திலெல்லாம் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். மறுநாளே புது செட் வாங்கி, கிட்டார் சரி பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்து ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்), தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட், உடல் பக்கம் தாங்கும் சேடில் எல்லாம் சரி செய்து வாங்கினேன். மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம். மறுபடி கடைக்குப் போய் வாசித்தபோதும் டி-28தான் மேலே நின்றது, ஆனால் வித்தியாசம் பாதியாகிவிட்டது. அதுவரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருந்ததில் பாதி, பழைய கம்பிக்கும் புதுக் கம்பிக்கும் உள்ள வித்தியாசம். மிச்சமிருக்கிற அந்தப் பாதிக்கு மூன்று லட்சம் தகுமா என்று கேட்டால்தான் கேள்வியே சரியாகிறது.

சரி, விலை ஏற ஏற உள்ளே என்னதான் மாறுகிறது?

யமஹா எஃப்310 மாதிரி, நம் ஊரில் ஏராளமான பேர் கற்றுக்கொண்ட கிட்டார்களில் மேல்பலகை லேமினேட், அதாவது பிளைவுட். அடுத்த படி எஃப்ஜி800 போன்றவை, மேல்பலகை மட்டும் முழு மரம், பக்கமும் முதுகும் லேமினேட். அதற்கும் மேலே போனால் மூன்றுமே முழு மரம். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேல்பலகையின் ரேகைகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே தொடர்ந்தால் அது முழு மரம். பிஸ்கட் அடுக்கு மாதிரி குறுக்கே இரண்டு மூன்று கோடு தெரிந்தால் லேமினேட். சிலதில் விளிம்பைச் சுற்றிப் பட்டை ஒட்டியோ வண்ணம் பூசியோ மறைத்திருப்பார்கள், அங்கே மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

பிளைவுட்டிலிருந்து முழு மரத்துக்கு மாறும் படி எந்தக் காதுக்கும் கேட்கும். அதற்கு நான் தயங்காமல் காசு கொடுப்பேன். அதற்கு மேலே ஒவ்வொரு படிக்கும் காசு இரட்டிப்பாகும், சத்தம் கொஞ்சம்தான் கூடும்.

அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பது புரியும். ஒரு சாதாரண 12-53 (கம்பிகளின் தடிமனைச் சொல்லும் எண்) கம்பி செட் சுருதி சேர்த்து நிற்கும்போது எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்த இழுவையைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர் கூட இருக்காத ஒரு ஸ்ப்ரூஸ் மரப் பலகையும், உள்ளே எக்ஸ் வடிவத்தில் ஒட்டியிருக்கும் குச்சிகளும். கெட்டியாகச் செய்தால் உடையாது, ஆனால் அதிராது. மெல்லிசாகச் செய்தால் பிரமாதமாக அதிரும், நாலு வருஷத்தில் வயிறு வீங்கிவிடும். மலிவு விலை கிட்டாரைச் செய்பவருக்கு ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும், ஒன்று கூடத் திரும்பி வரக் கூடாது, அதனால் கொஞ்சம் கெட்டியாகவே விடுவார். நீங்கள் அதிகமாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்தப் பலகையை எவ்வளவு தூரம் இழைக்கலாம் என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் கைக்குப் போகிறது. அப்படித்தான் போக வேண்டும். சிப்பி பதித்த கோலத்துக்கும் பளபளக்கும் முதுகுக்கும் போனால் உங்கள் காசு காதுக்குப் போகவில்லை.

முதுகு மரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் அதிகம் பேசுவது அதைத்தான். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே கைவினைஞரிடம் ஆறு கிட்டார் செய்யச் சொன்னார்கள், எல்லாம் ஒன்று போல, முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து மலிவான சப்பேலி வரை. 52 கிட்டார் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கக் கொடுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் விலை கூடிய மரத்துக்குத் தனியாக மதிப்பெண் விழவில்லை, ஆறும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பீட்டைத்தான் வாங்கின. அதற்கும் வெகு காலம் முன்பே, 1862-இல், ஸ்பெயினின் அந்தோனியோ தே தோர்ரெஸ் முதுகும் பக்கமும் அட்டையில் செய்து ஒரு கிட்டார் கட்டினார், மேல்பலகைதான் பேசுகிறது என்று காட்டுவதற்காக. அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டி-28-இன் முதுகு நம் ஈட்டி மரம் என்பது இன்னொரு வேடிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான். பிரேசில் மரம் கிடைப்பது சிரமமானதும் 1969-இல் மார்ட்டின் நிறுவனம் இதற்கு மாறியது. இங்கிருந்து பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறிப் போன மரம், சுங்கவரி கட்டித் திரும்பி வந்து நம் சுவரில் மூன்று லட்சத்துக்குத் தொங்குகிறது!

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையில் மார்ட்டின் என்று எழுதியிருப்பதெல்லாம் பென்சில்வேனியாவில் செய்ததல்ல. குறைந்த விலை வரிசைகள் மெக்சிகோவில் தயாராகின்றன, அதில் எக்ஸ் சீரிஸின் முதுகு மேசைக்கு ஒட்டுகிற சன்மைக்கா மாதிரியான அழுத்திய லேமினேட். இன்னொரு அமெரிக்க நிறுவனமான டெய்லரின் 100, 200 வரிசைகளும் மெக்சிகோதான், முதுகு அடுக்குப் பலகை. மோசமான கிட்டார்கள் என்று சொல்லவில்லை, முதுகு ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது என்பது நம் ஊரில் பெரிய சௌகரியம். ஆனால் அதே காசுக்கு வேறு பெயரில் மூன்று பக்கமும் முழு மரம் கிடைக்கும்போது, தலையில் இருக்கும் எழுத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள்.

இனி கடையில் செய்ய வேண்டியது. உங்கள் கிட்டாரைக் கையோடு கொண்டு போங்கள், கூச்சப்பட வேண்டாம். கூட்டமில்லாத வார நாள் காலையில் போங்கள், ஏதாவது வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஓங்கி அடிக்காதீர்கள். சுமாரான கிட்டாரும் ஓங்கி அடித்தால் நன்றாகத்தான் கேட்கும். விரல் நுனியால், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி வாசியுங்கள். நல்ல கிட்டார் அந்த மெல்லிய தொடுதலிலும் முழுசாகப் பேசும், சுமாரானது முணுமுணுக்கும். அங்கிருந்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போய் ஓங்கி அடித்துப் பாருங்கள், ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் கூடாமல் பிசிறடித்தால் அதுதான் அதன் எல்லை. அப்புறம் ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, பொறுமையாக, ஒன்று விடாமல். அலுப்பான வேலைதான். ஆனால் நான் பார்த்த ஒரு விலை உயர்ந்த கிட்டாரில் மூன்றாவது கம்பியின் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் பிறந்தவுடன் செத்தது, மற்றதெல்லாம் தேன். அந்த ஸ்வரம் நான் தினமும் பாடுகிற சுருதியில் இருந்தது.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அங்கேயே அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அதே இடத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி தடித்த கம்பியில் சுமார் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியில் 1.6-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது, ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். கூடுதலாக இருந்தால், சேடிலைப் பாருங்கள். பிரிட்ஜுக்கு (சேடில் பதிந்திருக்கும் கட்டை) மேலே சேடில் நன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் அதைத் தேய்த்து இறக்கலாம். ஏற்கெனவே தேய்த்து முடித்துவிட்டார்கள், ஆக்ஷன் இன்னும் உயரம் என்றால், கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றி மாட்ட வேண்டியிருக்கும். டி-28-இன் கழுத்து பழைய பாணியில் மரத்துக்குள் மரம் கோத்து ஒட்டியது, நீராவி விட்டுத்தான் பிரிக்க வேண்டும். டெய்லரில் கழுத்து போல்ட் போட்டு மாட்டியது, வேலை சுலபம். உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில் இந்த வேலை தெரிந்தவர் யார் என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

கடைசியாக, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்கள். நண்பர் ஒரே பாட்டை, ஒரே பிக்கால், நாலைந்து கிட்டாரில் கலந்து வாசிக்கட்டும், உங்களுடையதும் அதில் இருக்கட்டும். காகிதத்தில் மார்க் போடுங்கள். நான் செய்தபோது டி-28-க்கு இரண்டாம் இடம்தான் கொடுத்திருந்தேன். முதலிடம், அதைவிட விலை குறைந்த, மஹோகனி முதுகு கொண்ட டி-18-க்கு. ஒரு சுற்றில் என் யமஹாவை லட்ச ரூபாய் கிட்டார் என்று அடித்துச் சொன்னேன், நண்பன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன். அங்கே சேடிலுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பிலிருந்து (அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) வயர் நேராக மிக்ஸருக்குப் போகிறது, ஸ்பீக்கரில் வருவது பிக்கப்பின் குரல். மூன்று லட்சத்து மரமும் முப்பதாயிரத்து மரமும் அந்த வயருக்குள் போனால் பெரிய பேதமில்லை. மேடைதான் உங்கள் வாழ்க்கை என்றால் சுமாரான கிட்டாரில் நல்ல பிக்கப் போடுவது புத்திசாலித்தனம். தனியாக உட்கார்ந்து வாசிப்பவர், மைக் வைத்துப் பதிவு செய்பவர், இவர்களுக்குத்தான் நல்ல மேல்பலகை காசைத் திருப்பித் தரும்.

அப்புறம் நம் காற்று. முழு மரக் கிட்டார் கேட்பது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம், சென்னையில் சாதாரண நாளிலேயே 70-ஐத் தாண்டும். மழைக்காலத்தில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை மேடு தட்டும், ஆக்ஷன் ஏறும், சத்தம் அடைத்த மூக்கு மாதிரி ஆகும். ஹார்ட் கேஸ், உள்ளே ஒரு சின்ன ஈரமானி, ஈரத்தை உறிஞ்சவும் விடவும் தெரிந்த பொதிகள், இவற்றின் விலையையும் கிட்டார் விலையோடு கூட்டுங்கள். பூசியிருப்பது நைட்ரோ லாக்கர் என்றால் ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள், பட்ட இடம் இளகித் தழும்பாகும். மே மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் சாப்பிடப் போனார் எனக்குத் தெரிந்த ஒருவர். திரும்பி வந்து பார்த்தால் பிரிட்ஜ் ஒரு பக்கம் பெயர்ந்து, உள்ளே விசிட்டிங் கார்டு நுழைந்தது. இப்படிக் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியாது என்றால், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செகண்ட் ஹேண்ட் பக்கம் ஒரு கண் வையுங்கள். கடையை விட்டு வெளியே வந்ததும் விழுகிற விலையை முதல் ஆள் ஏற்கெனவே சுமந்துவிட்டார். ஆனால் போலிகள் நடமாடுகின்றன. மார்ட்டினில் சீரியல் எண் உள்ளே கழுத்துக் கட்டையில் அடித்திருக்கும், ஒலித்துளை வழியாகப் போன் வெளிச்சத்தில் படிக்கலாம், எந்த வருஷத்தது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம், விற்பவர் சொல்லும் வருஷத்தோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள். வாழ்நாள் வாரண்டி என்பது முதலில் வாங்கியவருக்குத்தான், உங்கள் கைக்கு வராது என்பதை வைத்துப் பேரம் பேசலாம்.

நான் கடைசியில் அப்படித்தான் ஒரு டி-18 வாங்கினேன், கனடாவுக்குக் குடிபோகிற ஒருவரிடமிருந்து. மழை பெய்யாத மாதங்களில் ராத்திரி சாப்பிட்டபின் வெளியே எடுப்பேன். சர்ச்சுக்கு இன்னும் யமஹாதான் போகிறது.