டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு: என் அனுபவம்

மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால், மதகு, குறுவை, சம்பா பற்றி, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன்பிருந்தே எழுதிவருகிறேன். பழைய கோப்புகள் எல்லாம் டிஸ்கியில், அதாவது அதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியாக்கத்தில். என் தளத்தின் புதிய வடிவமைப்பில் நிறமும் பக்க அமைப்பும் சுலபமாக முடிந்தன, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் படுத்திவிட்டது.

டிஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பு: முதலில் கொம்பு, பிறகு எழுத்து. யூனிகோடில் எழுத்துக்குப் பின்தான் கொம்பு. குறியாக்கத்தை மாற்றும் நிரல் இந்த வரிசை மாற்றத்தைச் சரியாகவே செய்தது. ஆனாலும் 'கொள்ளிடம்' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை! திரையில் சரியாகத் தெரிந்த 'கொ'வுக்குள் கொம்பும் காலும் இரண்டு குறிகளாக இருந்தன. விசைப்பலகை தருவதோ ஒரே குறி. பைத்தான் நிரல்மொழியின் யூனிகோடுடேட்டா தொகுதி மூலம் எல்லாவற்றையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் தேடல் வேலை செய்தது.

ஔகாரம் அப்படித் தீராது. 'பௌர்ணமி' பல இடங்களில் கொம்பும் ளகரமுமாக, 'பெளர்ணமி' என்று கிடந்தது. மொத்தமாக மாற்றினால் 'வெள்ளம்' சிதைந்துவிடும். டெல்டாக்காரன் எழுத்தில் வெள்ளம் இல்லாத பக்கம் ஏது? ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தினேன். இதை எந்த நிரலிடமும் முழுதாக ஒப்படைக்காதீர்கள்.

டிஸ்கி மூலக் கோப்புகளை அழிக்கவில்லை. தனி வட்டில் பத்திரமாக இருக்கின்றன.